நமது வரலாற்று வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

ஆப்பிரிக்கர்களைக் கடல் கடந்து கொண்டுவந்து விற்ற அட்லாண்டிக் அடிமை வணிகத்தோடு தொடர்புள்ள நியூயார்க் இடங்களைத் தெரிந்துகொள்வது, அவற்றைக் காக்கப் பாடுபடுகிறவர்களுக்குத் துணைநிற்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. பொங்கல் விழாவும் நன்றாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இந்த ஆண்டின் முக்கிய நிகழ்ச்சி, கீழ் மன்ஹாட்டனில் உள்ள ஆப்பிரிக்கர் இடுகாட்டு நினைவிடத்துக்கு நாம் சென்று வந்தது. பிராட்வேயில் 34 மாடி அரசுக் கட்டடம் ஒன்றுக்காக 1991-இல் தோண்டியபோது எலும்புகள் வெளிவந்தன. அங்கே இடுகாடு இருந்தது 1750-களின் வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் பிற்காலக் கட்டடங்களின் அடித்தளம் எல்லாவற்றையும் அழித்திருக்கும் என்று எண்ணிவிட்டார்கள். உண்மையில் அந்தப் பள்ளமான நிலத்தில் பிறகு கொட்டிய மண்தான் கல்லறைகளைக் காப்பாற்றியது. 1600-களிலிருந்து 1790-கள் வரை அடிமைகளாக இருந்தவர்களும் விடுதலை பெற்றவர்களுமாகச் சுமார் 15,000 ஆப்பிரிக்கர்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

அடுத்து நடந்ததைத்தான் நம் உறுப்பினர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வரலாற்று இடங்களைப் பாதுகாக்கும் சட்டம் 1966 முதலே இருந்தது. அப்படியிருந்தும் வேலை நிற்கவில்லை. 1992 தொடக்கத்தில் கான்கிரீட் போட்டபோது சில கல்லறைகள் சிதைந்தே போயின. ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் தெருவில் கூடினார்கள், பிரார்த்தனை நடத்தினார்கள், மேயர் டேவிட் டிங்கின்ஸ் அவர்களோடு நின்றார். நாடாளுமன்றக் குழு விசாரித்தது. அதன் பிறகுதான் தோண்டும் வேலை நின்றது, கட்டடத்தின் ஒரு பகுதியையும் கைவிட்டார்கள். வெளியே எடுத்த 419 பேரின் எலும்புகளை ஹோவார்டு பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பிளேக்கி தலைமையிலான குழு ஆராய்ந்தது. ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைகள். பெரியவர்களின் எலும்புகளில் தாங்க முடியாத சுமை தூக்கிய அடையாளங்கள். கானாவில் செதுக்கிய பெட்டிகளில் வைத்து 2003 அக்டோபரில் அவர்களை அதே மண்ணில் மீண்டும் அடக்கம் செய்தார்கள். 2006-இல் அது தேசிய நினைவிடமானது.

அங்கே புதைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் இடுப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட மணிகளும் சோழிகளும் இருந்தன. இதையொட்டி அடுத்த மாதக் கூட்டத்தில் நல்ல விவாதம் நடந்தது. மாலத்தீவுச் சோழி மேற்கு ஆப்பிரிக்காவில் பணமாகப் புழங்கியது. மனிதர்களை வாங்க ஐரோப்பியர்கள் கொண்டுபோன சரக்கில் சோழமண்டலக் கரைத் துணியும் இருந்தது. நம் ஊர் நெசவாளர்களுக்கு அது எதற்குப் போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இந்த வரலாறு நமக்குச் சம்பந்தமில்லாதது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

வால் தெருவையும் பார்த்தோம். 1711 முதல் 1762 வரை அடிமைச் சந்தை இயங்கிய இடத்தருகே ஒரு பலகைதான் இருக்கிறது, அதுவும் 2015-இல் வைத்தது.

புரூக்ளினில், ஃப்ளாட்புஷ் பகுதியில் பெட்ஃபோர்டு, சர்ச் அவென்யூக்கள் சந்திக்கும் முனையிலும் ஆப்பிரிக்கர் இடுகாடு இருந்தது. அங்கே வீடுகள் கட்டப்போவதாக நகராட்சி 2020-இல் அறிவித்தபோது அக்கம்பக்கத்தார்தான் முதலில் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். குறிக்கப்படாத கல்லறைகளுக்கு நியூயார்க் மாநிலம் சட்டம் கொண்டுவந்ததே 2023-இல்தான். இத்தகைய சின்ன இடங்களுக்குத்தான் நம் உழைப்பு போக வேண்டும் என்று செயற்குழு கருதுகிறது. பெரிய நினைவிடத்துக்குக் காவலர்கள் இருக்கிறார்கள், காலி மனைக்கு யாரும் இல்லை.

ஆகவே வரும் ஆண்டில் ஃப்ளாட்புஷ் பகுதியின் சமூக வாரியக் கூட்டங்களுக்கு (வட்டார மக்களின் கருத்தை நகராட்சிக்குச் சொல்லும் குழு அது) நம் சார்பில் இருவர் தவறாமல் போக வேண்டும், துப்புரவுக்கும் நடவுக்கும் ஆள் தேவை என்று அங்குள்ளவர்கள் கேட்டால் நாம் போய் நிற்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வர விரும்புவோர் தேநீர் இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுங்கள். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதையும் அப்போதே பொருளாளரிடம் கட்டிவிடலாம்.

செயலாளர்