ஆட்டின் ஒன்பதும் எட்டும்

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிவியில் அடியில் ஓடும் எழுத்தைக்கூட இப்போது சோபாவிலிருந்தே வாசிக்கிறார். நியூஜெர்சி வீட்டிலிருந்து அட்லாண்டிக் சிட்டி கிட்டத்தில்தான் என்று எழுதியிருந்தாய், உடனே ஹாஸ்டல் மொட்டைமாடியில் விடியவிடிய நாம் ரம்மி ஆடியது ஞாபகம் வந்துவிட்டது.

சரி, நீ கேட்ட போக்கர் கைக்கு வருகிறேன். 1-3 டாலர் மேசை (சீட்டு வரும் முன்பே ஸ்மால் பிளைண்ட் 1, பிக் பிளைண்ட் 3 கட்டாயமாகப் போட வேண்டும்), நீ பிக் பிளைண்ட், கையில் ஆட்டின் ஒன்பதும் எட்டும். பட்டனில் (பொதுச் சீட்டு திறந்த பிறகு கடைசியில் முடிவு சொல்லும் இடம்) இருந்தவர் 15 ஆக்க, நீ மட்டும் கால், அதாவது அதே தொகையைப் போட்டாய். ஃபிளாப்பில் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) கிளாவர் ராஜா, ஆட்டின் ஏழு, ஆட்டின் ஆறு. ஐந்தோ பத்தோ வந்தால் ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு), எந்த ஆட்டின் வந்தாலும் ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு), ஆக 15 சீட்டு உனக்குச் சாதகம். அவர் 20 போட்டார், கால் செய்தாய். டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) இஸ்பேட் இரண்டு, 50 போட்டார், அதற்கும் கால். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) ஆட்டின் நாலு! அவரே போடட்டும் என்று காசு போடாமல் செக் செய்தாய், அவரும் செக் செய்து ராஜா-ராணியைக் காட்டினார். 171 டாலர் வந்தும் ஏன் தோற்ற மாதிரி இருக்கிறது என்று கேட்கிறாய்.

நீ நினைத்தது சரிதான், அந்தக் கை இன்னும் கொடுத்திருக்கும். முதலில் பேசுகிற, அதாவது முடிவு சொல்கிற, இடத்தில் உட்கார்ந்து டிரா (இன்னும் ஒரு சீட்டு வந்தால்தான் முழுமையாகும் கை) ஆடும்போது, சீட்டு வராமல் போவதைவிட வந்த பிறகு காசு வராமல் போவதுதான் பெரிய இழப்பு. மூன்றாவது ஆட்டின் விழும்போது எதிரே இருப்பவரைக் கவனித்திருக்கிறாயா? இரண்டு விரலால் தன் சீட்டின் மூலையைத் தூக்கி மறுபடி பார்ப்பார், தன்னிடம் ஒரு ஆட்டின் இருக்கிறதா என்று. ஃபிளஷ் டிராவோடு உட்கார்ந்திருப்பவருக்கு அப்படிப் பார்க்கவே தேவையில்லை. பார்த்தார் என்றால் பெரும்பாலும் அவரிடம் இருப்பது ஒரு ஜோடி, அதை வைத்துக்கொண்டு அந்த ரிவரில் அவர் ஏன் காசு போடப் போகிறார்? கடைசியில் பேசும் உரிமை அவருடையது, சும்மா செக் செய்துவிட்டுப் பார்த்துக்கொள்வார். நீயே ஒரு 60, 70 போட்டிருந்தால் ராஜா ஜோடி முனகிக்கொண்டே கால் செய்திருக்கும். அதே இடத்தில் பத்தோ ஐந்தோ வந்து ஸ்ட்ரெய்ட் விழுந்திருந்தால் கதை வேறு, அது கண்ணுக்குத் தெரியாது, செக் செய்தாலும் அவர் போடுவார்.

ஆனால் என் மனசுக்குப் பட்டது ரிவர் இல்லை, ஃபிளாப். அங்கே 20-ஐ 75 ஆக்கியிருக்க வேண்டும். கை ஆரம்பிக்கும்போது இருவர் முன்னாலும் 300 இருந்தது என்று வைத்துக்கொள்கிறேன். அவர் போட்ட 20-உம் சேர்த்து நடுவில் இருக்கும் 51 டாலரை எடுக்க நீ 75 வைக்கிறாய். வெறும் பிளஃப் (கையில் ஒன்றுமில்லாமல் பயமுறுத்துவது) என்றால் பத்துக்கு ஆறு தடவையாவது அவர் சீட்டை மடக்கி விலக வேண்டும். உனக்கு 15 அவுட் (கையை முழுமையாக்கும் சீட்டு) இருக்கிறது, அவ்வளவு தேவையே இல்லை. இதற்கு செமி-பிளஃப் என்று பெயர் வைத்தவர் போக்கர் எழுத்தாளர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி. மடக்கினாலும் லாபம், கால் செய்தாலும் இரண்டு சீட்டு பாக்கி இருக்கையில் ஒரு ஜோடிக்கு எதிராக ஏறக்குறைய 54 சதவீதம் நீதான் ஜெயிக்கிறாய். அவர் கால் செய்தால் பாட் (நடுவில் சேர்ந்த காசு) 181, உன்னிடம் மிச்சம் 210. டர்னில் எது விழுந்தாலும் ஆல்-இன், அதாவது மிச்சம் முழுவதையும், போட்டுவிடலாம், அதற்குப் பிறகு உன்னை யோசிக்கவைக்க அவருக்கு வழியில்லை. முதலில் பேசுகிறவனுக்கு இருக்கும் குறையே அடுத்தடுத்துப் பேச வேண்டியிருப்பதுதான், அந்தப் பேச்சையே இப்படிச் சுருக்கிவிடுகிறோம். அவர் ஃபிளாப்பிலேயே ஆல்-இன் திருப்பினால்? 210 போட்டு 601-க்கு ஆடுகிறாய், 35 சதவீதம் போதும். அவரிடம் மூன்று ஏழே இருந்தாலும் உனக்குச் சுமார் 40 இருக்கிறது.

இதை எல்லா டிராவுக்கும் செய்யாதே. வெறும் ஃபிளஷ் டிரா என்றால் 9 அவுட், டர்னில் தவறினால் 20 சதவீதம்கூட இல்லை. நாலு பேர் பாட்டில் இருந்தால் எல்லாரும் மடக்க மாட்டார்கள், அங்கே கால் செய்து பார்ப்பதே நல்லது. முன்னால் நிறையக் காசு இருந்தாலும் நிதானம் வேண்டும். போன வருஷம் வேகஸில் 2-5 மேசையில், ஆளுக்கு 900 இருக்கும்போது, ஆட்டின் ஜாக்-பத்தோடு இதேபோல் ஏறிப்போனேன். அவர் ஆல்-இன் என்றார், விடவும் மனசில்லாமல் கால் செய்தேன். ரிவரில் ஆட்டின் விழுந்ததும் மனசு துள்ளியது, அவர் மெதுவாக ஆட்டின் ஏஸைத் திருப்பினார். எழுந்து வெளியே போய்க் காற்றில் அரைமணி நேரம் நின்றேன்.

அப்புறம், ஸ்மால் பிளைண்டில் இந்த ஒன்பது-எட்டு வந்தால் ரெய்ஸுக்கு நான் இப்போது பெரும்பாலும் கால் செய்வதில்லை. கொஞ்ச காசுதான், ஆனால் அடிக்கடி வரும் இடம் அது.

அடுத்த தடவை எழுதும்போது அவர் முன்னால் எவ்வளவு காசு இருந்தது என்று மறக்காமல் எழுது, 300 என்பது நானாக வைத்துக்கொண்டதுதான், 800 என்றால் நான் சொன்னதில் பாதி மாறிவிடும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
மச்சான்