எல்லாக் காளானுக்கும் ஒரே கிரேவியா?

ஆசிரியருக்கு,

நீலகிரியில் காளான் என்றாலே மொட்டுக் காளான்தான். 14 முதல் 18 டிகிரி வரையிலான குளிரில் மொட்டு விடும் அதற்கு இந்த மலை தோதானது. சிப்பிக் காளானும் பால் காளானும் கடைக்கு வந்தும் பலர் சீண்டுவதில்லை. அவற்றையும் அதே வெங்காயம் தக்காளி கிரேவியில் போட்டுவிட்டு, ‘சவசவ’ என்று இருக்கிறது என ஒதுக்குகிறார்கள். குற்றம் காளானுடையதல்ல.

காளானில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 200 கிராம் பாக்கெட்டைச் சின்ன வாணலியில் மொத்தமாகக் கொட்டி, முதலிலேயே உப்பும் போட்டால், விட்ட தண்ணீரில் அவியுமே தவிர வதங்காது. அகலமான இரும்புக் கல்லை நன்றாகக் காயவைத்து, 2 டீஸ்பூன் எண்ணெயில் பாதிப் பாதியாகப் போடுங்கள். உடனே கிளற வேண்டாம். தண்ணீர் சுண்டி ஓரம் சிவந்த பிறகுதான் உப்பும் மிளகும். நேரம் கூடினால் குழைந்துவிடுமோ என்ற பயமும் தேவையில்லை. காளானின் செல்சுவரைத் தாங்கும் கைட்டின் என்ற உறுதியான பொருள் கொதிக்கும் சூட்டுக்கு அசையாது.

சிப்பிக் காளானைக் கத்தியால் நறுக்காமல், நார் ஓடும் வாக்கில் கையால் கிழிக்க வேண்டும். கட்டையான அடிக்காம்பை நீக்கிவிடுங்கள். காம்பில் வெண்பஞ்சு படர்ந்திருந்தால் அது பெரும்பாலும் காளானின் சொந்த இழைதான். பிசுபிசுப்போ நாற்றமோ இருந்தால்தான் கெட்டது. சோம்பு, சின்ன வெங்காயம், மிளகு சேர்த்த வறுவலுக்கு இதற்கு நிகர் இல்லை.

பால் காளான் 30 டிகிரிக்கு மேல் வெப்பம் கேட்பது. சமவெளியிலிருந்து மலையேறி வருகிறது. தடித்த தண்டுதான் அதில் விசேஷம். அரை அங்குல வில்லைகளாக வெட்டி வதக்கி, கொத்தமல்லி, பச்சை மிளகாய், தேங்காய் அரைத்த நீலகிரிக் குருமாவில் போட்டால் தண்டு கடிபடும், கரையாது. ஷிடாகே என்ற ஜப்பானியக் காளான் உலர்ந்ததாகக் கிடைத்தால் வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, காம்பைக் கிள்ளிவிடுங்கள். ஊறிய நீரை வடிகட்டி ரசத்தில் சேர்க்கலாம்.

எதையும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைக்காதீர்கள், வியர்த்து அழுகும். காகிதப் பையில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். பளீர் வெள்ளையைத் தேடி அலையவும் வேண்டாம். லேசான பழுப்பு கெட்டதன் அடையாளமல்ல.

மழைக்குப் பின் பைன் மரத்தடியில் முளைப்பவற்றை மட்டும் தொடாதீர்கள். சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு உள்ளது நஞ்சு என்று பலருக்கும் தெரியும். மழையில் அந்தப் பொட்டுகள் கழுவிப் போய்விடும் என்பது தெரிவதில்லை. வெள்ளி கறுக்கும், பூண்டு நிறம் மாறும் என்ற சோதனைகள் எதுவும் நம்பத்தக்கதல்ல. வேறு சில காளான்களின் கொடிய நஞ்சு வேகவைத்தாலும் போகாது. வாந்தி தொடங்கவே 6 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். நடுவில் தேறியதுபோல் தெரிந்து பிறகு கல்லீரலைத் தாக்கும். சந்தேகம் வந்தால் மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்படிக்கு,
காளான் வளர்ப்போர் சிலர்,
கோத்தகிரி