இருவர் பார்த்தும் யாரும் பார்க்காத பக்கம்: இஸ்லாமியப் பொருளாதார ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் இதழ்களுக்குக் கட்டுரை எழுதுகிறவன், நீங்கள் அனுப்பும் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்து கொடுக்கிறவன் என்ற இரண்டு உரிமையிலும் இதை எழுதுகிறேன். தனி மின்னஞ்சலாக அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி வரும், அதோடு சரி. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இந்த இதழ்களோடு பழக்கம் இல்லாத வாசகர்களுக்காக நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டுரை வந்ததும் ஆசிரியர் ஒருவர் புரட்டிப் பார்ப்பார். இதழின் எல்லைக்குள் வராதது, அடுத்தவர் எழுத்தை அள்ளி ஒட்டியது எல்லாம் அப்போதே திரும்பிப் போகும். மிஞ்சுவது, எழுதியவர் பெயர் நீக்கப்பட்டு, பெரும்பாலும் இரண்டு மதிப்பாய்வாளர்களுக்குப் போகும். யார் எழுதியது என்று படிப்பவருக்குத் தெரியாது. யார் படித்தது என்று எழுதியவருக்குத் தெரியாது. ஏற்கலாம், சிறு திருத்தம், பெரும் திருத்தம், நிராகரிப்பு என்று நான்கில் ஒன்றை அவர்கள் பரிந்துரைப்பார்கள். இருவரும் முரண்பட்டால் மூன்றாமவர் ஒருவரிடம் போகும். கடைசி முடிவு ஆசிரியருடையது. எந்தத் துறை இதழை எடுத்தாலும் ஏறக்குறைய இதுதான் வழக்கம்.

நம் துறையில் இது ஓர் இடத்தில் இடறுகிறது. இங்கே வரும் கட்டுரையில் பாதி ஃபிக்ஹ், அதாவது மார்க்கச் சட்டம்; பாதி பொருளியல். இரண்டிலும் ஆழ்ந்து படித்தவர்கள் மிகக் குறைவு. அதனால் பெரும்பாலும் பொருளியல் தெரிந்த ஒருவருக்கும் மார்க்கச் சட்டம் தெரிந்த ஒருவருக்கும் அனுப்பிவிடுகிறீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பதைச் சொல்கிறேன்.

நாலைந்து நாடுகளின் இஸ்லாமிய வங்கிகளுடைய ஆண்டறிக்கைகளை எடுத்து, முராபஹாவின் பங்கு கூடக் கூட வாராக்கடன் குறைகிறது என்று காட்டும் ஒரு கட்டுரை வருகிறது என்று வையுங்கள். அதன் கோட்பாட்டுப் பகுதி இப்படிப் போகும்: முராபஹா என்பது உண்மையான விற்பனை; வங்கி பொருளை வாங்கி, தன் உடைமையாக்கிக்கொண்டு, வாங்கிய விலையையும் தன் லாபத்தையும் சொல்லி வாடிக்கையாளருக்கு விற்கிறது; ஆகவே கடன் ஒரு பொருளோடு கட்டுண்டது; ஆகவே பாதுகாப்பானது. அப்புறம் பக்கம் பக்கமாக அட்டவணைகள்.

பொருளியல் மதிப்பாய்வாளர் கேட்பவை எனக்கு மனப்பாடம். எது காரணம், எது விளைவு என்று பிரித்தீர்களா? வங்கியின் அளவைக் கணக்கில் எடுத்தீர்களா? 2008 நெருக்கடி ஆண்டுகளை நீக்கிப் பார்த்தீர்களா? கடைசி வரி: "ஷரீஆ பகுதி என் துறை அல்ல." மார்க்க அறிஞர் எழுதுவார்: இந்த ஹதீஸுக்கு மூலநூல் குறிப்பு இல்லை, இன்ன மத்ஹபின் (மார்க்கச் சட்ட மரபின்) கருத்து விடுபட்டிருக்கிறது, இந்த மேற்கோள் பிற்கால நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அவருடைய கடைசி வரி: "புள்ளியியல் பகுதியைப் பற்றிக் கருத்துச் சொல்ல இயலாது." இரண்டுமே நேர்மையான, உழைப்பு தெரிகிற அறிக்கைகள். இரண்டிலும் பரிந்துரை "சிறு திருத்தம்". கட்டுரை அச்சேறிவிடும்.

அட்டவணையில் "முராபஹா" என்று தலைப்பிட்ட பத்தியில் இருப்பது எந்த முராபஹா என்று மட்டும் இருவருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

பல வங்கிகளின் கணக்கில் பண்ட முராபஹாவும், அதாவது தவர்ருக்கும், அதே தலைப்பின்கீழ்தான் உட்கார்ந்திருக்கிறது. அங்கே வாடிக்கையாளருக்கு வேண்டியது பணம். வங்கி அவருக்கு உலோகத்தையோ பாமாயிலையோ தவணைக்கு விற்கும். பிறகு அவருடைய முகவராக நின்று அதே வங்கியே அதை இன்னொருவருக்கு ரொக்கத்துக்கு விற்றுக் கொடுக்கும். அந்தப் பொருளை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். கைக்கு ரொக்கம் வந்திருக்கும், தலையில் அதைவிடப் பெரிய கடன் ஏறியிருக்கும். கட்டுரையின் கோட்பாடு பேசுவது வீடோ வண்டியோ கைமாறுகிற விற்பனையைப் பற்றி. எண்களில் இருப்பது பாதிக்குப் பாதி வேறொன்றாக இருக்கலாம். முடிவு சரியாகவே இருந்தாலும், கோட்பாடு சொன்னதை அந்த எண்கள் அளக்கவில்லை. இதைக் கேட்க ஃபிக்ஹ் தெரிந்தவர் அட்டவணையைப் படித்திருக்க வேண்டும், அல்லது பொருளியலாளருக்கு ஒப்பந்த வகைகள் தெரிந்திருக்க வேண்டும். இருவரும் அவரவர் எல்லையில் மரியாதையாக நின்றுகொண்டார்கள்.

ஆகவே என் முதல் கோரிக்கை மதிப்பாய்வுப் படிவத்தைப் பற்றியது. இப்போது "கட்டுரையின் புதுமை", "மொழிநடை", "இலக்கிய அலசல்" என்று மதிப்பெண் கேட்கிறீர்கள். அதற்கு முன்னால், எந்தப் பகுதிகளை நான் சரிபார்த்தேன், எவற்றைப் பார்க்கவில்லை என்று எழுத ஒரு கட்டாயக் கட்டம் வையுங்கள். இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஆசிரியருக்கு ஓட்டை தெரிந்துவிடும். தெரிந்த பிறகு மூன்றாமவரைத் தேடுவதா, கட்டுரையாளரிடமே "உங்கள் தரவில் ஒவ்வொரு தலைப்பும் எந்த ஒப்பந்தத்தைக் குறிக்கிறது என்று பின்னிணைப்பாகக் கொடுங்கள்" என்று கேட்பதா என்பது உங்கள் விருப்பம். பின்னிணைப்பே போதும் என்பது என் எண்ணம். மூன்றாமவரைத் தேடினால் மாதக்கணக்கில் இழுக்கும். கூலியில்லா வேலைக்கு ஆள் கிடைப்பது எவ்வளவு பாடு என்று நானும் அறிவேன்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் சங்கடமானது. தவர்ருக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பைச் சார்ந்த ஃபிக்ஹ் அகாடமி 2009இல் ஷார்ஜாவில் கூடி, இப்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்து நடத்தப்படும் தவர்ருக் கூடாது என்று தீர்மானித்தது. அதே 2009இல்தான் மலேசியப் பங்குச்சந்தை இந்த வகைப் பரிமாற்றங்களுக்கென்றே பாமாயிலை வைத்து "சூக் அல்-சிலா" என்ற தளத்தைத் தொடங்கியது. ஒரே கட்டுரை எந்த அறிஞரிடம் போகிறது என்பதைப் பொறுத்து "அடிப்படையே தவறு" என்றோ "நடைமுறைக்குப் பயனுள்ளது" என்றோ பதில் வரும். கருத்து வேறுபாடு நம் மரபுக்குப் புதிதல்ல, அதில் குறையும் இல்லை. ஆனால் அந்த அறிஞர், ஒரு வங்கியின் திட்டங்கள் மார்க்கத்துக்கு ஏற்றவையா என்று பார்க்கும் ஷரீஆ குழுவில் ஊதியம் பெறும் உறுப்பினராக இருந்து, அந்த வங்கி விற்கும் திட்டத்தைப் பற்றிய கட்டுரையையே மதிப்பிடுகிறார் என்றால், அது ஆசிரியருக்குத் தெரிந்தாக வேண்டும். நலன் முரண்பாட்டை மதிப்பாய்வாளர் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது பதிப்பு நெறிமுறைகளில் எப்போதோ எழுதப்பட்ட விதி. எனக்கு வரும் படிவங்களில் அது பொதுவாக ஒரு சதுரக் கட்டம். ஒரு சொடுக்கில் முடிந்துபோகிறது. எந்த வங்கி, எந்தக் குழு, எத்தனை ஆண்டு என்று எழுதிக் கேளுங்கள்.

பெயர் மறைப்பால் இதெல்லாம் சமாளிக்கப்படுகிறது என்று சொல்லாதீர்கள். இது சின்னத் துறை. மாநாட்டில் வாசித்த கட்டுரைதான் ஆறு மாதம் கழித்து இதழுக்கு வருகிறது. தலைப்பைப் பார்த்ததுமே யாருடையது என்று பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும்.

இந்தத் துறையையே கேள்வி கேட்கும் கட்டுரைகளுக்கு என்ன ஆகிறது என்பதையும் யோசியுங்கள். பொருளியலாளர் திமுர் குரான் போன்றவர்களின் கடுமையான விமர்சனங்கள் வெளியார் இதழ்களில்தான் பெரும்பாலும் வந்தன. 1995இல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் ஓர் இதழில் அவர் எழுதியது அப்படி ஒன்று. அவர் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு இல்லை. ஆனால் அப்படி ஒரு கையெழுத்துப் பிரதி இன்று உங்கள் மேசைக்கு வந்தால், வாதத்தில் எங்கே பிழை என்று சொல்லாமல் "தொனி பொருத்தமாக இல்லை" என்று எழுதுகிற மதிப்பாய்வாளரை நீங்கள் திருப்பிக் கேட்பீர்களா?

மூன்றாவது கோரிக்கை, மதிப்பாய்வு அறிக்கைகளை அச்சிடுங்கள். ஏற்கப்பட்ட கட்டுரைக்குப் பின்னால், மதிப்பாய்வாளர் விரும்பினால் பெயரோடு, இல்லாவிட்டால் பெயரில்லாமல். உயிரியல் இதழான எம்போ ஜர்னல் 2009 முதல் இதைச் செய்து வருகிறது. வானம் இடிந்து விழவில்லை. நமக்கு இது அந்நியமும் அல்ல. 1976இல் மக்காவில் நடந்த இஸ்லாமியப் பொருளாதார மாநாட்டைத் தொடர்ந்து ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மையம் உருவாகி, 1983இல் அங்கிருந்து இதழ் வரத் தொடங்கியது. அதில் கட்டுரைக்கு மறுப்பும் மறுப்புக்குப் பதிலும் வெளிவருவது வழக்கம். கட்டுரையைவிட அந்த மறுப்புகளில்தான் நான் அதிகம் கற்றேன்.

அறிக்கை வெளியே வந்தால் மதிப்பாய்வாளர்கள் தயங்குவார்கள் என்பீர்கள். தயங்கட்டும். மூடிய அறையில் நாங்கள் அப்படியொன்றும் சாதித்துவிடவில்லை. 1998இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றின் ஆசிரியர் குழு, ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே 8 பிழைகளை நுழைத்து நூற்றுக்கணக்கான மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்பிப் பார்த்தது. சராசரியாக 2 பிழைகள்தான் பிடிபட்டன. ஒரே துறைக்குள் நிற்கும் மருத்துவர்களின் கதையே அப்படி.

இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டு, அந்த இதழை மேற்கோள் காட்டு என்று மதிப்பாய்வு என்ற பெயரில் நடக்கும் நெருக்கடியைப் பற்றியும் எழுத நினைத்தேன். அது எல்லாத் துறைக்கும் பொதுவான நோய், இங்கே விட்டுவிடுகிறேன்.

என்னிடம் இப்போது ஒரு கட்டுரை மதிப்பாய்வில் இருக்கிறது. அதன் அறிக்கையில் எந்தப் பகுதிகளை நான் பார்க்கவில்லை என்பதை முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன். கட்டுரை ஏற்கப்பட்டால் அதை என் பெயரோடு வெளியிட எனக்கு ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

வஸ்ஸலாம்.