சிம்கோ ஏரிக்கரையில் பெயர் சொல்லாமல் போன ஐயாவுக்கு

போன சனிக்கிழமை கனடாவின் சிம்கோ ஏரியில் படகு இறக்கும் இடத்தில், பழைய 14 அடி அலுமினியப் படகிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவன் நான்தான். கசிவை அடைக்க, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகள் மேல் சிலிகோன் பசை பூசப் போனபோது, "தம்பி, அதைத் தடவாதீங்க, அப்புறம் அதுக்கு மேல எதுவும் ஒட்டாது" என்று தடுத்தீர்களே, முதல் நன்றி அதற்கு.

படகை டிரெய்லரில் ஏற்றி, பாரம் தாங்கும் அளவுக்கு நாலு விரல்கடை தண்ணீர் மட்டும் உள்ளே ஊற்றச் சொன்னீர்கள். கீழே படுத்துப் பார்த்தால், நடுத்தண்டு ஓரமாக ரிவெட் தலைகளில் ஒவ்வொரு சொட்டாகத் திரண்டு நின்றது. 11 இடங்களில் மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டோம். தண்ணீரை வடித்ததும், வெளியே நான் கனத்த இரும்புக்கட்டியை ரிவெட் தலையில் அழுத்திப் பிடிக்க, உள்ளே நீங்கள் சுத்தியலால் பொறுமையாகத் தட்டி இறுக்கினீர்கள். 9 கசிவு அப்படியே நின்றுவிட்டது. மீதி இரண்டில் புது அலுமினிய ரிவெட்டே போட்டேன், வேறு உலோகம் போட்டால் சுற்றியுள்ள தகடு அரித்துவிடும் என்று நீங்கள் சொன்னதால். நன்றாகக் காயவைத்து, உள்பக்கம் எப்பாக்ஸி என்ற கெட்டிப்படும் பசையும் பூசியாகிவிட்டது.

நேற்று மகளோடு மூன்று மணி நேரம் ஏரியில் இருந்தேன் ஐயா, அவள் செருப்புகூட நனையவில்லை! உங்கள் இரும்புக்கட்டி என்னிடமே இருக்கிறது. ஞாயிறு காலை அதே இடத்தில் இருப்பேன், அவசியம் வாருங்கள்.