பொங்கலுக்கு அடுத்த வாரம் நீ ஆடிய ஆட்டம்

நாகலூர், ஏற்காடு
தை மாதக் கடைசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான், அம்மா, பாட்டி எல்லாரும் சௌக்கியம். போன் போட்டால் "அப்புறம் பேசறேன்ப்பா" என்கிறாய். அந்த அப்புறம் வந்தபாடில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதைப் படிக்க லீவு எல்லாம் போட வேண்டியதில்லை, ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படி. சாப்பிடுகிறாய்தானே?

இந்த வருஷம் காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. கடைசிப் பறிப்பு இன்னும் களத்தில் காய்கிறது. போன வாரம் ராத்திரி காட்டுமாடு ஒன்று வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்து, பாட்டி வைத்திருந்த சேப்பங்கிழங்குப் பாத்தியை மிதித்துவிட்டுப் போனது. பாட்டி காட்டுமாட்டைத் திட்டவில்லை, வேலி போட்ட என்னைத்தான் திட்டினாள். மிளகு நன்றாகத் திரண்டிருக்கிறது. மற்றதை அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

நான் எழுத வந்தது உன் ஐந்தாவது சுற்று செஸ் ஆட்டத்தைப் பற்றி.

சின்னவன் போனில் உன் ஆட்டங்களை எல்லாம் எடுத்துத் தருகிறான். நான் நோட்டில் எழுதிக்கொண்டு, திண்ணையில் பலகையை வைத்து ஒவ்வொன்றாக ஆடிப் பார்க்கிறேன். புதன்கிழமை மதியம் தொடங்கிய ஆட்டம், தொண்ணூறு மூவுக்கு மேல் போயிருக்கிறது. புதன்கிழமை மதியம் உன் ஆபீஸில் எப்படி விட்டார்களோ தெரியவில்லை. நல்ல ஆபீஸ்தான். பொங்கலுக்கு ஒரு நாள் தரமாட்டோம் என்றவர்கள், அடுத்த வாரமே திங்கள் முதல் வெள்ளி வரை விட்டிருக்கிறார்கள். சரி, அதை விடு.

உன்னிடம் ராணியும் ஒரு சிப்பாயும். எதிரே ஆடியவரிடம் ராணி மட்டும். சிப்பாய் ஜி6-ல், அதாவது ஜி வரிசையின் ஆறாவது கட்டத்தில் நிற்கிறது. ராணியாக இன்னும் இரண்டே கட்டம். இந்த நிலையில் நீ டிராவுக்குச் சம்மதித்திருக்கிறாய். கையை நீட்டியது நீயா அவரா என்று அந்தத் தாளில் இல்லை. அவர்தான் நீட்டியிருப்பார் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

பலகையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்றுதான் கண்ணில் பட்டது. உன் ராஜா கோழி குஞ்சைச் சுற்றுகிற மாதிரி சிப்பாயையே சுற்றுகிறது. ஹெச்6, ஹெச்7, ஜி7, மறுபடி ஹெச்6. அவர் இந்தப் பக்கமிருந்து ஒரு செக், அந்தப் பக்கமிருந்து ஒரு செக் என்று கொடுத்துக்கொண்டே இருக்கிறார். ராணி இல்லாமல் யானை மிச்சமிருக்கிற ஆட்டமாக இருந்தால் ராஜா பக்கத்தில் நின்று சிப்பாயைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ராணி ஆட்டத்தில் அந்த வேலையை ராணி ஒருத்தியே பார்த்துக்கொள்வாள். ராஜாவுக்கு அங்கே வேலை இல்லை. ராஜா கிளம்பிப் போக வேண்டும். எங்கே? எதிராளியின் ராஜா நிற்கிற பக்கத்துக்கு.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. 1954-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பியாடில் பல்கேரியாவின் மினெவோடு போட்வின்னிக் ஆடினார். அவருக்கும் ஜி வரிசைச் சிப்பாய்தான். அப்போது அவர் உலக சாம்பியன். அவரே முதலில் தடுமாறித்தான் ஆடினார். கடைசியில் அவர் ராஜா சிப்பாயை விட்டுவிட்டுப் பலகையின் மறுகோடிக்கே நடந்து, மினெவின் ராஜாவுக்குப் பக்கத்தில் போய் நின்றது. மினெவ் ஆட்டத்தை விட்டுவிட்டார். ஏனென்றால் ராஜா அங்கே போய்விட்டால் எதிராளியால் சும்மா செக் கொடுக்க முடியாது. கொடுக்கிற செக்குக்குக் குறுக்கே நீ ராணியை இறக்கினால் அது அவருக்கே செக்காகத் திரும்பும்.

பலகையை எடு. உன் ராஜா இ5, ராணி எஃப்7, சிப்பாய் ஜி7. அவர் ராஜா ஏ4. அவர் ராணி ஹெச்2-க்கு வந்து செக் சொல்கிறார். நீ ராஜாவைத் தூக்காதே. ராணியை எஃப்4-ல் இறக்கு. நான்காவது வரிசை முழுக்கக் காலி, அவர் ராஜாவுக்கு நேராக செக். அவர் வெட்டினால் உன் ராஜா திருப்பி வெட்டும், சிப்பாய் எட்டாவது வரிசைக்கு ஓடிவிடும், ஏ4-ல் நிற்கிற ராஜாவால் எட்டிப் பிடிக்க முடியாது. அவர் வெட்டாமல் ராஜாவை நகர்த்தினால் ஹெச்2-ல் இருக்கிற ராணி உனக்கு. ஒரே மூவில் கதை முடிந்தது. இதையே ராஜாவை ஹெச்7-ல் ஒளித்து வைத்துக்கொண்டு செய்து பார், வராது.

உன் ஆட்டத்திலும் அவர் ராஜா ஏ4-ல்தான் நின்றது! அதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஜி சிப்பாய்க்கு எதிராகத் தடுக்கிறவர் ராஜாவை எதிர்மூலையில், ஏ1 பக்கம் கொண்டுபோய் ஒதுக்கிவிட வேண்டும். அப்போதுதான் தன் ராணி கொடுக்கும் செக்குக்குத் தன் ராஜாவே இடைஞ்சலாக இருக்காது. அங்கே நின்றிருந்தால் நானே டிரா என்று எடுத்துக்கொண்டிருப்பேன். ஓரச் சிப்பாயாக இருந்தாலும் சரி, பேசாமல் விட்டிருப்பேன், அது பெரும்பாலும் டிராதான். ஆனால் அவர் மூலையை விட்டு நான்காவது வரிசைக்கு ஏறி வந்துவிட்டார். நீ கவனிக்கவில்லை. சின்னவன் அந்த நிலையைப் போனில் போட்டுப் பார்த்தான். வெற்றி என்றுதான் காட்டியது.

நேரம் போய்விட்டது என்பாய். மூவுக்கு முப்பது வினாடி கூடத் தருகிற இன்கிரிமெண்டில் தொண்ணூறு மூவ் ஆடினால் தலை சுற்றும், எனக்குத் தெரியாதா. எழுதவும் வேண்டும், யோசிக்கவும் வேண்டும். ஆனால் வெட்டாமல், சிப்பாயைத் தள்ளாமல் ஐம்பது மூவ் போனால் டிரா என்கிற கணக்கைப் பற்றி நீ பயந்திருக்கத் தேவையில்லை. சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். உன் கையில் இரண்டு தள்ளல் மிச்சம் இருந்தது. அவசரமே இல்லை. ராணியை நடுவில் வை, ராஜாவை நகர்த்து. தண்ணீர் குடி. ராஜாவை நகர்த்து.

இதையெல்லாம் நான் சொல்லியா உனக்குத் தெரிய வேண்டும்? சேலத்தில் அந்தப் பள்ளிக்கூட ஹாலில் நீ செய்ததை இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டு, கையில் எலுமிச்சம்பழத்தோடு இறங்கினாய். எதிரே ரயில்வேயில் ரிட்டையரான ஒரு பெரியவர். அவருக்கு ராணி, உனக்கு சி2-ல் ஒரே ஒரு கறுப்புச் சிப்பாய், ராணியாக இன்னும் ஒரே கட்டம். அவர் ராணியை பி3-க்குக் கொண்டுவந்து செக் சொன்னார். சின்னப் பிள்ளைகள் யாராக இருந்தாலும் சிப்பாயைக் காப்பாற்ற ராஜாவை சி1-க்குத்தான் கொண்டுபோவார்கள். போனால் சிப்பாயை ராஜாவே மறித்துக்கொள்ளும், அவருக்கு ராஜாவைக் கிட்டே கொண்டுவர நேரம் கிடைக்கும். நீ ஏ1 மூலைக்குப் போனாய். சிப்பாயை அநாதையாக விட்டுவிட்டாயே என்று எனக்கு வயிறு கலங்கியது. பெரியவர் சிரித்துக்கொண்டே வெட்டினார். நீ அவரைப் பார்க்கக்கூட இல்லை, "ஸ்டேல்மேட் தாத்தா" என்று சொல்லிவிட்டுத் தாளில் எழுத ஆரம்பித்துவிட்டாய். ராஜாவுக்கு நகரக் கட்டமே கிடையாது, ஆட்டம் டிரா. அந்த மனுஷன் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் உனக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார், ஞாபகம் இருக்கிறதா? யாரும் சொல்லித் தரவில்லை. சி சிப்பாயும் எஃப் சிப்பாயும் அவரவர் பக்கத்திலிருந்து ஏழாவது வரிசைக்கு வந்துவிட்டால் ராணியால் ஜெயிப்பது கஷ்டம் என்று புத்தகத்தில் இருப்பதே எனக்கு அதற்கப்புறம்தான் தெரியும்.

அப்படிப்பட்ட பிள்ளை ஜி6 சிப்பாயை வைத்துக்கொண்டு டிரா கொடுக்கலாமா? மனசு ஆட்டத்தில் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை.

உன் ஆட்டங்களை நோட்டில் தேதி போட்டு எழுதுகிறேன் இல்லையா, அதில் ஒன்று பார்த்தேன். முன்பெல்லாம் சனி, ஞாயிறு ஆட்டமாகத்தான் இருக்கும். தீபாவளிக்கு அப்புறம் செவ்வாய், வியாழன் எல்லாம் வருகிறது. எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் வேலை பார்த்தவன் கண். செக்ரோல் என்கிற ஆள் வருகைப் பதிவை எழுதி எழுதி, தேதியைப் பார்த்தால் கிழமை தானாக வந்துவிடும். அம்மாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவள் நோட்டைப் பார்ப்பதும் இல்லை. அவள் கவலை எல்லாம் ஜாதகம்தான். போன வாரம் தரகர் வந்துவிட்டுப் போனார். பெண் எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டார். பெங்களூரில் என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லையே.

குகேஷைப் பற்றி இங்கே டீக்கடையில்கூடப் பேசுகிறார்கள். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியனானபோது பதினெட்டு வயது. எல்லாரும் டிரா என்று நினைத்துக்கொண்டிருந்த ஆட்டம், எதிரே ஆடிய டிங் லிரன் 55-வது மூவில் யானையை எஃப்2-க்கு நகர்த்தினார், முடிந்தது. பார்த்தாயா, டிரா என்று நினைக்கிற இடத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பையனின் அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர். பிராக்டீஸை நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு ஊர் ஊராகப் போனார். நான் டாக்டர் இல்லை. பி.எஃப். பணம் எவ்வளவு வந்தது, அதில் அண்ணன் கல்யாணத்துக்கு எவ்வளவு போனது என்று உனக்கே தெரியும். குகேஷ் மாதிரி ஆக வேண்டும் என்று நீ சொல்லவும் இல்லை, நானும் சொல்லவில்லை. எதற்காக இதை எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. கோடு போட்டு அடித்தால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

செஸ் சாம்பியன் காஸ்பரோவ் 1999-ல் உலகத்தையே எதிர்த்து ஆடினாரே, இணையத்தில் ஆயிரக்கணக்கான பேர் ஓட்டுப் போட்டு அவருக்குப் பதில் மூவ் சொன்னார்கள், அதுவும் கடைசியில் ராணியும் சிப்பாயுமாகத்தான் முடிந்தது. 62-வது மூவில் உலகம் விட்டுக்கொடுத்தது. அத்தனை பேர் கூடிப் பேசியும் ராணி ஆட்டம் அவர்களுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நீ ஒருத்தி, ஒரு ரூமில் தனியாக உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கணக்குப் போட வேண்டும் என்றால் முடியுமா? ஆட்டத்தைத்தான் சொல்கிறேன். ஆட்டம் முடிந்ததும் யாரோடாவது உட்கார்ந்து அலசு. எதிராளியோடு அலசு, அவர்களே சொல்லித் தருவார்கள். இல்லையென்றால் எனக்கு அனுப்பு. இங்கே பலகை எப்போதும் விரித்தபடிதான் இருக்கிறது.

மார்ச் மாதம் பூமழை பெய்து காப்பி பூத்தால் நாலு நாள் மலையே மணக்கும். உனக்குப் பிடிக்கும். அப்போது வா. வார நாளிலும் வரலாம், பஸ்ஸில் கூட்டம் இருக்காது. சேலத்தில் இறங்கிவிட்டுப் போன் செய், நான் கீழே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். வந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டோம். அம்மா கேட்பாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மிளகும் காப்பித் தூளும் பார்சல் போட்டிருக்கிறேன். மிளகு டப்பாவுக்கு அடியில் ஒரு கவர் இருக்கும், பிரித்துப் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிடாதே. அம்மாவுக்குத் தெரியாது. பிப்ரவரி மாத ரூம் வாடகை எத்தனை, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று சின்னவன் நம்பருக்கு ஒரு மெசேஜ் போடு. வேறு எதையும் எழுத வேண்டாம்.

ராஜாவை நகர்த்து பாப்பா.

அப்பா

பி.கு.: ஆறாவது சுற்றில் கறுப்புக் காயில் ஜெயித்திருக்கிறாய், பார்த்தேன். 31-வது மூவில் குதிரையைக் கொடுத்தது கணக்குப் போட்டா, குருட்டு தைரியமா?