14 ஆண்டு முடிந்தால் கதவு திறந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆயுள் கைதிகளின் முன்விடுதலை, அதாவது தண்டனைக் காலம் முடியும் முன்பே அவர்களை விடுவிப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். "ஆயுள் தண்டனை என்றால் 14 வருஷம்தானே" என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஆயுள் என்றால் சாகும் வரைதான் என்று 1961-லேயே, காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோபால் கோட்சேயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 14 ஆண்டுக்கு முன்னால் விடக்கூடாது என்பதுதான் விதி. அது முடிந்ததும் விட்டாக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

இந்த விதி 1978 டிசம்பரில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவாக வந்தது. 2024 ஜூலை முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 475-வது பிரிவு. தூக்குத் தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்காக ஆயுள் பெற்றவர்களுக்கும், தூக்கு ஆயுளாகக் குறைக்கப்பட்டவர்களுக்கும் மட்டுமே இது பொருந்தும்.

கணக்கைப் பாருங்கள். பத்து ஆண்டுக் கைதி ஒழுங்காக நடந்து, கொடுத்த வேலையைச் செய்தால் ரெமிஷன் (தண்டனைக் குறைப்பு) நாட்கள் சேரும். வெளியே போகும் தேதி அந்த அளவுக்கு முன்னால் வரும். ஆயுள் கைதிக்கும் அதே நாட்கள் ஏட்டில் ஏறும், ஆனால் அந்த 14 ஆண்டில் ஒரு நாள்கூடக் குறையாது. விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த காலத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று 1985-ல் தீர்ப்பு வந்தது. பரோலில் போன நாட்களைச் சேர்க்க முடியாது என்று 2023 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு. செல்வாக்கு உள்ளவர் அடிக்கடி பரோல் வாங்கியே காலத்தை ஓட்டிவிடுவார் என்பதால் அதில் நியாயம் உண்டு.

குறைந்தபட்சக் காலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொலையுண்டவரின் குடும்பத்துக்கு ஒரு நிச்சயம் வேண்டாமா? என் குறை அதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றி. போலீஸ் அறிக்கை, தண்டித்த நீதிமன்றத்தின் கருத்து, அறிவுரைக் குழு, அப்புறம் அரசு என்று கோப்பு நகர்ந்துகொண்டே இருக்கிறது. மாநில அரசின் முன்விடுதலைக் கொள்கைப்படி தகுதி வந்துவிட்டால், கைதி மனு போடாவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, தகுதி வரும் அந்தத் தேதி கைதிக்குத் தெரிய வேண்டாமா? பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் தெரிய வேண்டாமா? 2002 குஜராத் கலவரத்தில் நடந்த கூட்டுப் பாலியல் வன்முறை, கொலைகள் தொடர்பான பில்கிஸ் பானு வழக்கில் 11 பேரை 2022 ஆகஸ்டில் குஜராத் அரசு விட்டதை 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 14 ஆண்டைத் தாண்டியவர்கள்தான். ஆனால் அவர்களை விடும் அதிகாரம் அந்த அரசுக்கு இல்லை.

ஜெர்மனியிலும் ஆயுள் கைதிக்கு 15 ஆண்டு என்ற குறைந்தபட்சம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு முடிவெடுப்பது நீதிமன்றம். இங்கே அது அரசின் கையில். அதனால்தான் விடுதலையோ மறுப்போ, காரணம் எழுத்தில் வர வேண்டும் என்கிறேன்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. 20 ஆண்டு, 30 ஆண்டு ரெமிஷனே கிடையாது என்று தீர்ப்பிலேயே எழுதும் வழக்கம் 2008-ல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் தொடங்கி, 2015-ல் அரசியல் சாசன அமர்வும் ஏற்றுக்கொண்டது. அவர்களுக்கு ஆளுநர், குடியரசுத் தலைவரின் கருணை அதிகாரம் ஒன்றுதான் மிச்சம். உங்கள் கட்டுரை அவர்களைத் தொடவே இல்லை. அடுத்த முறை எழுதும்போது, தகுதி வந்தும் பதில் வராமல் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று சிறைவாரியாகக் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்