பெயர் போட வேண்டாம் என்ற சிஸ்டருக்கு

மண்டபம், பாம்பன் பக்கத்து நர்சிங் பிள்ளைகளுக்கு வார்டில் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த சிஸ்டருக்கு எங்கள் எல்லாருடைய மனமார்ந்த நன்றி. ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ, பிறகு 2 வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., அதன்மேல் 2 வருட எம்.எஸ்சி. என்று படியேறி ஆசிரியரானவர். ஆனாலும் வார்டை விடவில்லை.

வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற, ஊசியின் மேல் பொருத்தி ரத்த நரம்பில் செருகும் பிளாஸ்டிக் குழாய்) போட அவர் பழக்கிய விதம் ஒன்று போதும். கடலுக்குப் போகிறவர்கள் கை உப்பிலும் வெயிலிலும் காய்ப்பேறியது; தோல் கெட்டி, நரம்பு நழுவி ஓடும். அதனால் குத்தும் இடத்துக்குக் கீழே கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடிக்கணும். கையை இறுக்கிக் கட்டும் பட்டையான டூர்னிக்கெட் குத்தும் இடத்துக்கு நாலு விரல்கடை மேலே, ஒரு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஸ்பிரிட் தானாகக் காயணும்; ஊதினால் வாய்க்கிருமி அங்கே போய் உட்காரும்.

15 முதல் 30 டிகிரி சாய்வில் குத்தி, ரத்தம் தெரிந்ததும்தான் பிள்ளைகள் தவறுவார்கள். ஊசி முனை பிளாஸ்டிக் குழாயைவிடக் கொஞ்சம் நீளம். ரத்தம் வரும்போது முனை மட்டும்தான் உள்ளே இருக்கும். அப்போதே குழாயைத் தள்ளினால் நரம்புச் சுவரில் முட்டும். அதே சாய்வில் ஊசியை அழுத்தினால் பின்சுவரைக் கிழித்து வீங்கும். சாய்வைத் தாழ்த்தி, 2 மில்லிமீட்டர் நகர்த்தி, பிறகு குழாயை மட்டும் வழுக்கிவிடணும். டூர்னிக்கெட்டை அவிழ்த்த பிறகே ஊசியை உருவணும், இல்லையென்றால் படுக்கை முழுக்க ரத்தம்.

ரெண்டு முறை தவறினால் மூன்றாவது குத்து வேறு கைக்காரருக்கு. அதையும் நோயாளி காதில் விழாமல் மெதுவாகச் சொல்வார். நன்றி, சிஸ்டர்.